வாய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் நோவின்றித் தேறுவது எப்படி

எலும்பில் புதைந்திருந்த ஞானப்பல்லை ஈற்றைக் கீறி எடுத்தாலும், சொத்தை முற்றிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாலும், அந்த இடத்தில் ஒரு குழி மிஞ்சுகிறது. குழியில் ஊறும் இரத்தம் சிறிது நேரத்தில் உறைந்து, அடர்சிவப்பான ஒரு கட்டியாகிறது. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பதும், புதிய திசு வளர்வதற்குத் தளம் அமைத்துத் தருவதும் அந்தக் கட்டிதான். துப்பக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது, வேகமாகக் கொப்பளிக்கக்கூடாது என்று பல் மருத்துவர் அடுக்கும் தடைகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டி பெயர்ந்துவிடாமல் இருப்பதற்காகவே சொல்லப்படுகின்றன. இந்த ஒரு காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பெரும்பாலும் நீங்களே தீர்மானித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதையும் தேடி அலையும் நிலையில் இருக்கமாட்டீர்கள். ஆகவே மருந்துகள், கூடுதல் பஞ்சு, பனிக்கட்டி, இரண்டு மூன்று தலையணைகள், மெல்லாமல் விழுங்கக்கூடிய உணவு ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்திருந்தால் முதல் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. அந்த இரவு பொறுப்பான ஒருவர் உடனிருக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

இரத்தத்தை நிறுத்துவது, பஞ்சைவிட அதன்மேல் நீங்கள் கொடுக்கும் அழுத்தம்தான். குழிக்கு நேர் மேலே பஞ்சை வைத்து, 30 முதல் 45 நிமிடம் வரை விடாமல், பேசாமல், சீராகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பஞ்சை எடுத்துக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பிறகும் இரத்தம் நன்றாகக் கசிந்தால், புதிய பஞ்சைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்து, சிறு தலையணைபோல் தடிமனாக மடித்து, மீண்டும் அதே இடத்தில் வைத்துக் கடியுங்கள். பஞ்சு மெலிதாக இருந்தால் பக்கத்துப் பற்களே ஒன்றோடொன்று மோதி நிற்கும், குழியின்மேல் அழுத்தம் விழாது. முதல் நாள் முழுவதும் எச்சிலில் இளஞ்சிவப்பு நிறம் தெரிவது இயல்பானது. ஒரு துளி இரத்தம் வாய் நிறைந்த எச்சிலையும் சிவப்பாக்கிவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரிவதை வைத்து மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

மரப்பு ஊசியின் வேலை பொதுவாகச் சில மணி நேரம் நீடிக்கும். அதுவரை உதட்டையும் கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. சூடானது பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது. ஆகவே மரப்பு விலகும்வரை எதையும் மெல்ல வேண்டாம். குழந்தைகள் விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு, அவர்களை அருகிலிருந்து கவனிக்க வேண்டும்.

வலி மாத்திரையின் முதல் வேளையை, மரப்பு முழுவதும் விலகுவதற்குள் போட்டுவிடுவதே நல்லது. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம். ஏறவிடாமல் தடுப்பது எளிது. இபுபுரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் இந்த வகை வலிக்குப் பெரும்பாலும் போதுமானவை. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இபுபுரோஃபென் எடுக்கக்கூடாது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்குங்கூட, 24 மணி நேரத்தில் எல்லா மாத்திரைகளையும் சேர்த்துப் பாராசிட்டமால் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிட்டுவருபவர்கள், இரத்தம் கசிகிறது என்று தாங்களாகவே அதை நிறுத்துவது ஆபத்தானது.

அன்றிரவும் மறுநாளும்

வீக்கம் வரப்போகிறது என்று தெரிந்தே முன்னேற்பாடு செய்யலாம். பனிக்கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்புறத்தில் 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் இடைவெளி விட்டு, முதல் 24 மணி நேரத்துக்கு, விழித்திருக்கும்போதெல்லாம் தொடருங்கள். தூங்கும்போது தலையணைகளை அடுக்கி, தலையை நெஞ்சைவிட உயர்த்திப் படுங்கள். தட்டையாகப் படுத்தால் முகத்தில் இரத்த ஓட்டம் கூடி, காயத்தில் விண்விண் என்ற துடிப்பும் கசிவும் அதிகமாகும். குனிந்து பாரம் தூக்குவதையும் கடும் உடற்பயிற்சியையும் சில நாள் தள்ளிவைக்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

ஸ்ட்ரா ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தே மீறப்படுவது இதுதான். நீங்கள் உறிஞ்சும்போது பானத்தை மேலே இழுக்கும் அதே விசை குழிக்குள் இருக்கும் கட்டியையும் இழுக்கிறது. காறித் துப்புவதும் அப்படியே. புகைபிடிப்பது இன்னும் மோசம். உறிஞ்சும் விசையோடு, புகையிலுள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆற வேண்டிய இடத்துக்கு இரத்தம் போகாமல் செய்துவிடுகிறது. குறைந்தது மூன்று நாளாவது புகையைத் தொடாமல் இருங்கள், ஒரு வாரம் இருக்க முடிந்தால் மிக நல்லது. வாயில் சேரும் எச்சிலை விழுங்கிவிடலாம், அல்லது தொட்டியின்மேல் குனிந்து தானாக வழியவிடலாம்.

முதல் நாள் உணவு குளிர்ந்தோ அறை வெப்பத்திலோ இருக்கட்டும்: தயிர், பால், நன்றாக மசித்த பழம், ஆறவைத்த சூப் போன்றவை. கரண்டியால் மறுபக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள். பசி இல்லையென்று பட்டினி கிடப்பதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும், புண் ஆறுவதற்குப் புரதமும் வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். காரமானதையும், பொடிப்பொடியாக உதிர்ந்து குழிக்குள் புகும் மொறுமொறுப்பானதையும், சிறு விதைகள் உள்ளதையும் ஒரு வாரம் தவிர்க்கலாம். மருந்து முடியும்வரை மது வேண்டாம்; மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்திருந்தால், அதன் பிறகும் குறைந்தது இரண்டு நாள் வேண்டாம்.

24 மணி நேரம் கழிந்ததும் உப்புநீர் தொடங்கலாம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் எடுத்து, கன்னங்களை உப்பி அலசாமல், தலையை மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்து நீரைத் தானாக ஓடவிட்டு, பிறகு வாயைத் திறந்து கீழே விழவிடுங்கள். ஒவ்வொரு உணவுக்குப் பிறகும், படுக்கப்போகும் முன்பும் ஒரு வாரம் இப்படிச் செய்தால், வாயின் நாற்றமும் குறையும், ஈறும் இதமாக உணரும். மற்றப் பற்களை முதல் இரவிலிருந்தே மென்மையாகத் துலக்குங்கள். காயத்தின்மேல் மட்டும் பிரஷ் படவேண்டாம்.

மூன்றாம் நாள்

எனக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தபோது, மூன்றாம் நாள் காலை முகம் முந்தைய நாளைவிடப் பெரிதாக இருந்தது; வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. ஏதோ தவறாகிவிட்டது என்று கலங்கினேன். வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தக் காலைப்பொழுது அவ்வளவு பயமாகக் கழிந்திருக்காது. நான்காம் நாளிலிருந்து வீக்கம் வடியத் தொடங்கியது. கன்னத்தில் நீலமும் பின்பு மஞ்சளும் படர்வதும் இயல்பே. 48 மணி நேரத்துக்குப் பிறகு பனிக்கட்டிக்குப் பதிலாக வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் கொடுத்து, வாயை வலிக்காத அளவுக்குத் திறந்து மூடிப் பழகினால் தாடையின் இறுக்கம் தளரும்.

இந்த நாட்களில் குழியின்மேல் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். அதைச் சீழ் என்று எண்ணிப் பஞ்சால் துடைத்தெடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், அது காயம் ஆறுவதன் அடையாளமான ஃபைப்ரின் படலம். மாறாக, தணிந்துகொண்டுவந்த வலி மூன்றாம், நான்காம் நாளில் திடீரென்று கூடி, காதுவரை இழுத்து, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் கெட்ட நாற்றமும் சேர்ந்தால், கட்டி கரைந்தோ பெயர்ந்தோ எலும்பு வெளியே தெரியும் ‘டிரை சாக்கெட்’ நிலையாக இருக்கலாம். கீழ்க் கடைவாய்ப்பற்களை எடுத்த பிறகே இது அதிகம் வருகிறது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே பெரும் ஆறுதல் கிடைக்கும் என்பதால், வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மேல்தாடையின் பின்பற்களை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த வேர்களுக்கும், மூக்கோடு இணைந்த காற்றறையான சைனஸுக்கும் இடையில் மெல்லிய எலும்பே இருக்கிறது. மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். குடிக்கும் நீர் மூக்கு வழியாக வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தப்போக்கு, 38 டிகிரி செல்சியசைத் தாண்டும் காய்ச்சல், நான்காம் நாளுக்குப் பிறகும் வளரும் வீக்கம், மறுநாளும் விலகாத மரப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். விழுங்க முடியாமலோ மூச்சுவிடச் சிரமமாகவோ இருந்தால், யாரையும் அழைத்துக் காத்திருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தானே கரையும் தையல் ஒன்றிரண்டு வாரங்களில் உதிர்ந்துவிடும். நூல் நாக்கில் தட்டுப்பட்டாலும் இழுக்க வேண்டாம். குழி ஈற்றால் மூடச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். அதுவரை உணவுத்துகள் சிக்கினால் குச்சியாலோ விரலாலோ நோண்டாமல், உப்புநீரை ஓடவிட்டே வெளியேற்றுங்கள். வளைந்த முனையுள்ள சிரிஞ்சை மருத்துவர் கொடுத்திருந்தால், எந்த நாளிலிருந்து அதைப் பயன்படுத்தலாம் என்று அவரையே கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.