மேசையில் ஓடும், வயலில் நிற்கும்: சொந்தமாக மின்னணுப் பெட்டி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை வட்டக்கச்சிப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறான். சைக்கிள் கரியரில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றக்கூடிய சின்ன மின்னணுப் பலகை) ஒன்று, சிம் மொடியூல் (சிம் போட்டால் கைபேசி மாதிரி வேலை செய்யும் துண்டு) ஒன்று, நீல றிலே (சின்னக் கரண்டால் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஒன்று. தொலைபேசியில் அழைத்தால் கிணற்றடி மோட்டர் ஓட வேண்டும், அதுதான் அவன் செய்ய நினைத்தது.

“அண்ணை, வீட்டை வச்சுப் பாக்கேக்கை நல்லா ஓடினது. வயலுக்குக் கொண்டுபோனா நிண்டு நிண்டு வருது. கோட் மூண்டு தரம் மாத்தி எழுதிட்டன்.”

எட்டு வருடங்களுக்கு முன் இதே வார்த்தைகளை நான் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு முன் வந்த இரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

பிளஸ் மைனஸ் மாறிப்போவது, அரைப்புள்ளி விடுபடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மேசையில் ஒளிந்திருந்து வயலில் வெளிவருகிற தவறுகள்தான் ஆளை அலைக்கழிப்பவை.

கரண்டைப் பார்க்காமல் நிரலைத் திருத்துவது

என் காசையும் நாளையும் இதைவிட அதிகம் தின்ற தவறு வேறில்லை. இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிம்800எல் என்கிற மொடியூல் ஒரு தபால் முத்திரை அளவுதான். சும்மா இருக்கும்போது சில மில்லி அம்பியர் எடுக்கும். அழைப்பு வந்தால், குறுஞ்செய்தி அனுப்பினால், கோபுரத்தோடு பேசுவதற்கு 2 அம்பியர் வரை இழுக்கும். அதையும் தொடர்ந்து இழுப்பதில்லை. ஜிஎஸ்எம் முறையில் ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரு சின்ன நேரத்துண்டுதான் கிடைக்கும்: 4.6 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை, 0.58 மில்லி செக்கன் மட்டும். அந்த 2 அம்பியர் ஒரு செக்கனுக்கு இருநூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி வருகிறது. மொடியூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ற்று வரை வேண்டும். ஏதாவது ஒரு வெட்டில் 3.4க்குக் கீழே இறங்கினால் அது அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவருக்கு நிரல் பிழை மாதிரியே இருக்கும்.

இதற்கு எல்லோரும் கரண்ட் எடுப்பது ஆர்டுயினோவின் 5 வோல்ற்றுப் பின்னிலிருந்து. நடுவில் ஒரு டயோட்டைப் போட்டு 4.2 ஆகக் குறைத்துவிட்டால் சரி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். யூஎஸ்பி வழியாகக் கொடுத்தால் ஊனோவின் பியூஸ் 500 மில்லி அம்பியருக்கானது. 12 வோல்ற்று பற்றரியிலிருந்து கொடுத்தால், பலகையில் இருக்கும் சீராக்கி (வோல்ற்றை 5 ஆக நிறுத்தும் பாகம்) மிச்ச 7 வோல்ற்றையும் சூடாகத்தான் கழிக்கும். 200 மில்லி அம்பியருக்கே 1.4 வாற்று, விரல் வைக்க முடியாது. அதனிடம் போய் 2 அம்பியர் கேட்கிறோம்.

தருமபுரத்தில் பெரியப்பாவுக்கு மிளகாய்த் தோட்டம். வீட்டிலிருந்து கிணறு தூரம். பகலில் வோல்ற்று இறங்கி மோட்டர் முனகும், அதனால் இரவு பதினொரு மணிக்கு மேல் ரோச்சோடு போய் இறைப்பார். அவருக்காகத்தான் என் முதல் பெட்டியைச் செய்தேன். கிளிநொச்சி நகரத்தில் என் மேசையில் இரண்டு நாள் ஓடியது, ஒரு அழைப்புக்கூடத் தவறவில்லை. தோட்டத்தில் கட்டிவிட்டு வந்த அன்றைக்கே முதல் அழைப்பில் செத்தது.

நிரலை மாற்றினேன். சிம்மை மாற்றினேன். அன்ரனாவை மாற்றினேன். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து இரண்டாவது மொடியூல் பஸ்ஸில் வந்தது, பிறகு மூன்றாவது. மூன்று வாரம் போனது. மீற்றரை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் 4.1 வோல்ற்று, அசையாமல். அந்த எண்ணை நம்பியதுதான் என்னை அவ்வளவு நாள் சுற்றவைத்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ரோச்சை எடுத்துக்கொண்டு இரவில் போகத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் பெட்டியை ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடையிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் ஊரே செய்தி கேட்பதற்கு வழி செய்துகொடுத்தவர்களில் அவரும் ஒருவர். சிம் மொடியூலை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. தலைமயிர் மாதிரி இருந்த என் வயரை விரலால் தூக்கிப் பார்த்தார். “மீற்றர் ஆறுதலாத்தான் பாக்கும் தம்பி. இது குடிக்கிறது கண் மூடித் திறக்க முன்னம்” என்றார். டைனமோவில் ஒவ்வொரு மிதிக்கும் பாட்டு ஏறி இறங்காமல் இருக்க அவர் போட்டது பெரிய கப்பாசிற்றர். இதற்கும் அதையேதான் போட்டார்.

பிறகுதான் மற்றதும் விளங்கியது. கோபுரம் பக்கத்தில் இருந்தால், மெதுவாகப் பேசினால் போதும் என்று கோபுரமே மொடியூலுக்குச் சொல்லிவிடும். கரண்ட் குறைவாகத்தான் போகும். தூரத்தில் இருந்தால் முழுப் பலத்தில் கத்த வேண்டும். நகரத்து மேசையில் பார்த்த சோதனை தோட்டத்துக்குச் செல்லாது. வன்னியில் கோபுரத்துக்கும் வயலுக்கும் நடுவில் காடும் குளமும் கிடக்கின்றன, இதை மறக்கவே கூடாது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

12 வோல்ற்று பற்றரியிலிருந்து மொடியூலுக்கென்று தனியாக ஒரு இறக்கி (வோல்ற்றைக் குறைக்கும் சின்னப் பலகை) போடுங்கள். எல்எம்2596 மலிவாகக் கிடைக்கும். ஆனால் மொடியூலைக் கொழுவுவதற்கு முன் மீற்றரை வைத்து, திருகாணியைத் திருப்பி 4.1க்குக் கொண்டுவாருங்கள். புதிதாக வாங்கியதில் 12ம் அப்படியே வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மெல்லிய ஜம்பர் வயரும் பிரெட்போர்டும் (ஈயம் வைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) இந்த வழியில் இருக்கவே கூடாது. போக வர இரண்டு வயரும் செருகும் இடங்களும் சேர்ந்து 0.3 ஓம் வருவது சாதாரணம். 2 அம்பியருக்கு அதிலேயே 0.6 வோல்ற்று போய்விடும். 4.1இல் மிச்சம் 3.5. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கதை முடிந்தது. தடித்த வயர், சாண் நீளத்துக்குள், ஈயம் வைத்து ஒட்டியது.

கப்பாசிற்றரை (பாடப்புத்தகத்தில் கொள்ளளவி) மொடியூலின் காலிலேயே ஒட்டுங்கள், வயரின் மறுமுனையில் அல்ல. 1000 மைக்ரோபரட்டை மட்டும் நம்ப வேண்டாம். 2 அம்பியரை 0.58 மில்லி செக்கனுக்கு அது தனியாகச் சுமந்தால் 1.1 வோல்ற்றுக்கு மேல் இறங்கிவிடும். 2200 போட்டாலும் அரை வோல்ற்று இறங்கும். இறக்கியும் வயரும் சரியாக இருந்தால்தான் அது உதவி.

ஒசிலோஸ்கோப் (வோல்ற்றின் வேகமான ஏற்ற இறக்கத்தை வரைந்துகாட்டும் கருவி) இல்லாமல் இதை எப்படிப் பார்ப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்னொரு ஊனோ இருந்தால் போதும். அதை மடிக்கணினியில் கொழுவி, இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் பக்கம்) சேர்த்து, மொடியூலின் பிளஸ் காலை ஏ0 பின்னில் தொடுங்கள். அனலொக்ரீட் கட்டளை வோல்ற்றை ஒரு தடவை வாசிக்க ஏறக்குறைய 0.1 மில்லி செக்கன்தான் எடுக்கும். ஒரு வெட்டுக்குள் நாலைந்து தடவை வாசித்துவிடும். இடைவிடாமல் வாசித்து, வந்ததில் ஆகக் குறைந்த எண்ணை மட்டும் வைத்திருந்து, செக்கனுக்கு ஒரு தடவை திரைக்கு அனுப்புகிற பத்து வரி நிரல் எழுதுங்கள். ஆர்டுயினோ மென்பொருளில் சீரியல் புளொட்டரைத் திறந்தால் கோடாகவே வரைந்துகாட்டும். மீற்றர் 4.1இல் நிற்க, கோடு கிணற்றுக்குள் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

30 நிமிடம் 30 செக்கன் ஆவது

அரை மணி நேரம் இறைத்துவிட்டு நிற்க வேண்டும் என்று 30 * 60 * 1000 என்று எழுதுவார்கள். கணக்குச் சரி, 18,00,000 மில்லி செக்கன். ஆனால் ஊனோவில் இன்ட் என்ற எண் வகை 16 பிட். 32,767க்கு மேல் அதற்கு இடமில்லை. 65,536 65,536 ஆகக் கழிந்து போக மிஞ்சுவது 30,528. அதாவது முப்பது செக்கன்.

முப்பதுக்கு முப்பது என்று வருவதால், அலகை மாற்றி எழுதிவிட்டோமோ என்று ஆட்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். முதல் எண்ணுக்குப் பின்னால் யூ, எல் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் தீர்ந்தது. இதைவிட முக்கியம், ஆர்டுயினோ மென்பொருளின் அமைப்பில் கம்பைலர் எச்சரிக்கை முதலில் அணைத்தே இருக்கும். அதை ‘எல்லாம்’ என்று மாற்றிவையுங்கள். இந்தப் பிழையை அதுவே சொல்லித்தரும்.

அந்த அரை மணியை டிலே (அப்படியே காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டுக் கழிக்க வேண்டாம். அவ்வளவு நேரமும் பெட்டிக்குக் காது கேட்காது, நிறுத்தச் சொல்லி அழைத்தாலும் நிறுத்தாது. மில்லிஸ் (பெட்டி ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லி செக்கனை எண்ணித் தரும் கட்டளை) கொண்டு எழுதுங்கள். தொடங்கிய நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். கூட்டி ஒப்பிட்டால், 49.7 நாளில் அந்த எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பும்போது கணக்குக் குழம்பிவிடும்.

கிரவுண்ட்

பற்றரிப் பக்கத்துக் கிரவுண்ட் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும்.

றிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டரைக் கொழுவுவது

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்தாறு அம்பியர்தான். ஆனால் கிளம்பும் கணத்தில் அதன் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். நீல றிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நிரல் என்ன சொன்னாலும் மோட்டர் நிற்காது. கிணறு வற்றிய பிறகும் ஓடி எரியும். றிலே கொன்ராக்ரரை (மோட்டரைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) இழுக்கட்டும், கொன்ராக்ரர் மோட்டரை இழுக்கட்டும். 230 வோல்ற்றுப் பக்க வேலையை வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டே செய்யுங்கள்.

யானை வேலிக்கு வீட்டுக் கரண்ட்

கொடுக்கவே கூடாது. வேலிக்கென்று செய்த கருவி செக்கனுக்கு ஒரு தடவை, அதுவும் கணநேரம்தான் அடிக்கும். வீட்டுக் கரண்ட் பிடித்த கையை விடாது, யானையானாலும் பிள்ளையானாலும்.

திரையில் ஆங்கிலத்தை மட்டும் போட்டுவிடுவது

என் பெட்டியில் முதலில் ‘பம்ப் ஆன்’ என்று ஆங்கில எழுத்தில் வரும். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் “இப்ப ஓடுதோ, இல்லையோ?” என்று கேட்பா. பாவிக்கிறவருக்கு வாசிக்கத் தெரியாத திரை எதற்கு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

தமிழ் எழுத்துருவைத் தேடி அலைவதுதான் இங்கே நேரம் தின்னும் தவறு. யுனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதற்குப் பின் ஒரு குறியும். திரையில் அதே குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்க வேண்டும். கணினியில் அந்த ஒழுங்கைச் செய்ய ஒரு முழு மென்பொருளே இருக்கிறது. ஊனோவுக்கு அந்தப் பலம் இல்லை. எழுத்துகளை விட்டுவிட்டு, ‘ஓடுகிறது’, ‘நின்றது’, ‘தண்ணீர் இல்லை’ என்று சொற்களையே படமாகக் கணினியில் வரைந்து ஏற்றுங்கள். வரையும்போது விளிம்பை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒற்றை நிறத் திரையில் எழுத்து பூச்சி அரித்த மாதிரி வரும். 16 புள்ளி உயரத்தில் ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப்போகும். நடுவில் ஒரு புள்ளியைக் கையால் அழித்தால் திறந்துகொள்ளும். நான் ‘தண்ணீர்’ என்ற சொல்லுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தேன். அது தெளிவாக வந்தபோது இருந்த சந்தோஷம் மோட்டர் ஓடியபோதுகூட இல்லை.

இன்னொன்று, 128க்கு 64 புள்ளித் திரைக்கு நினைவகத்தில் 1024 பைட்டு வேண்டும். ஊனோவில் இருப்பதே 2048. 128க்கு 16 அளவில் ஒரு சொற்படம் 256 பைட்டு. நான்கு படத்தை அங்கேயே வைத்தால் இடம் முடிந்து திரை இருண்டுபோகும். படங்களுக்குப் புரோக்மெம் என்ற சொல்லைப் போட்டு, நிரல் இருக்கும் 32 கிலோபைட்டு பிளாஷ் நினைவகத்தில் வையுங்கள்.

பெட்டியை மூடி மட்டும் போட்டு மூடுவது

மழையைவிட எறும்பு மோசம். சூடு இருக்கும் இடத்தைத் தேடி வரும், மண் கொண்டுவரும், ஒரு மாரிக்குள் கூடே கட்டிவிடும். வயரை எப்போதும் அடியிலிருந்து உள்ளே எடுங்கள், அதற்கு முன் கீழே தொங்கும் வளைவு ஒன்று விடுங்கள்; தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஓட்டையைச் சிலிக்கனால் அடையுங்கள். வெயில் நேரே படாத பக்கம் கட்டுங்கள்.

ஞாயிறு காலை அந்தப் பையனோடு வட்டக்கச்சிக்குப் போனேன். வரம்பில் மடிக்கணினியை வைத்து, இரண்டாவது ஊனோவைத் தொட்டு, அழைத்துப் பார்த்தோம். கோடு 3.1க்கு விழுந்தது. அவன் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜம்பர் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான். பின்னேரம் இறக்கியும் கப்பாசிற்றரும் ஒட்டி மறுபடி அழைத்தபோது கோடு 3.9க்குக் கீழே போகவில்லை. கொன்ராக்ரர் இன்னும் வாங்கவில்லை. அதுவரை மோட்டரைக் கொழுவ வேண்டாம் என்று சொல்லி, றிலேயில் ஒரு சின்ன விளக்கை மட்டும் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.