இதய அழுத்த ஸ்கேன்: ஆபத்தை எப்படி மதிப்பிடுவது

உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்துக்கு வேலைப்பளு கொடுத்து, அதன் ரத்த ஓட்டத்தையோ அசைவையோ படமெடுப்பதுதான் அழுத்த ஸ்கேன் (stress scan). முதல் கேள்வி, நோயாளியால் ட்ரெட்மில்லில் போதுமான அளவு நடக்க முடியுமா என்பது. முடிந்தால் உடற்பயிற்சியே நல்லது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார் என்பதே ஆபத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும். 60 வயதுக்காரருக்கு 136. எட்டாவிட்டால் இதயத் தமனியில் அடைப்பு இருந்தும் படம் இயல்பாகத் தெரியலாம்.

நடக்க முடியாதவருக்கு இதய ரத்தக்குழாய்களை விரிக்கும் அடினோசின் அல்லது இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் டோபுட்டமின் மருந்து. ஈசிஜியில் இடது கிளைத் தடை (LBBB, இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) இருந்தால், நடக்க முடிந்தாலும் அணுக்கதிர் ஸ்கேனுக்கு (கதிரியக்க மருந்து செலுத்தி இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுப்பது) அடினோசினே சரி. இவர்களுக்கு உடற்பயிற்சி இதய நடுச்சுவரில் ரத்த ஓட்டம் குறைந்ததுபோலப் பொய்யாகக் காட்டும். மூச்சிரைப்பு உள்ள ஆஸ்துமா நோயாளிக்கு அடினோசின் வேண்டாம். அடினோசினுக்கு முந்தைய 12 மணி நேரமாவது காபி, டீ கூடாது. காஃபீன் மருந்தின் வேலையைத் தடுக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை நோயாளி தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்ல வேண்டும்.

எக்கோ (ஒலி அலையால் இதய அசைவைப் பார்க்கும் ஸ்கேன்) என்றால் ட்ரெட்மில் நின்ற 60 முதல் 90 வினாடிக்குள் படம் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் சுவரின் அசைவுக் குறை மறைந்துவிடும்.

இதயத் தசையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ரத்த ஓட்டக் குறைவு தெரிந்தால் ஆபத்து அதிகம். எக்கோவில் இடது கீழறைச் சுவரைப் பிரித்துப் பார்க்கும் 16 பகுதிகளில் 3 அல்லது அதற்கு மேல் புதிதாக அசைவு குறைந்தாலும் அப்படியே. மூன்று தமனிகளிலும் சமமாக அடைப்பு இருந்தால் எல்லாப் பகுதிகளும் ஒரே மாதிரி தெரிவதால் அணுக்கதிர்ப் படம் ஏமாற்றும். ஆகவே அழுத்தத்தின்போது இடது கீழறை விரிகிறதா, ரத்த அழுத்தம் சரிகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.