பழைய போலீஸ் கிரவுன் விக்டோரியா: வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கப் போலீஸ் ரோந்துக்கு ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர் கார் உழைப்புக்கென்றே பிறந்த வண்டி. பாடியிலிருந்து தனியான சேஸிஸ் (அடிச்சட்டம்), பின்சக்கர டிரைவ், 4.6 லிட்டர் வி8 இன்ஜின், அதற்குள் வால்வுகளை இயக்க பெல்ட் அல்ல, டைமிங் செயின். கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 செப்டம்பரோடு தயாரிப்பு நின்றது. அமெரிக்க ஏலங்களில் இன்னும் கிடைக்கிறது. ஆனால், ‘இது எதற்கும் அசராது’ என்ற பெயரை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய தவறு, ஓடோமீட்டரை மட்டும் பார்ப்பது. ரோந்து வண்டி ஓடும் நேரத்துக்குச் சமமாக நின்றுகொண்டும் இருக்கும். விளக்கு, ரேடியோ, ஏசி, கணினி எல்லாம் ஓட வேண்டுமே; இன்ஜினை அணைக்க மாட்டார்கள். மைல் ஏறாது, தேய்மானம் ஏறும். ஐடிலில், அதாவது இன்ஜின் ஓட வண்டி நிற்கும் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டு சொல்லும் கணக்கு.

2006 முதல் வந்த போலீஸ் மாடல்களில் இன்ஜின் ஓடிய மணியையும் மீட்டரிலேயே பார்க்கலாம். மைலை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். 80,000 மைல், 5,000 மணி என்றால் மணிக்கு 16 மைல்தான் வருகிறது. ஓடும்போது சராசரி 32 மைல் வேகம் என்று வைத்தால், ஓடியது 2,500 மணி. மிச்சம் 2,500 மணியும் நின்றது. 33-ஆல் பெருக்கினால் இன்னொரு 82,500 மைல்! அதே 80,000 மைலுக்கு 2,000 மணி காட்டினால் அது நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. என்னைக் கேட்டால், 1,30,000 மைல் ஓடிய நெடுஞ்சாலை வண்டியைத் தயங்காமல் எடுப்பேன். 70,000 மைல் நகர ரோந்து வண்டியை மூன்று முறை யோசிப்பேன்.

அடுத்த தவறு, எல்லா ஆண்டு மாடலும் ஒன்றுதான் என்று நினைப்பது. 1996 முதல் 2001 வரை வந்தவற்றில் இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு முழுக்கப் பிளாஸ்டிக். முன்பக்கம் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கடக்கும் இடத்தில் விரிசல் விட்டு ஒழுகும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெடும். அந்த இடத்தில் அலுமினியம் உள்ள மேனிஃபோல்டு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். 2003-இல் சேஸிஸின் முன்பகுதியும் ஸ்டீயரிங்கும் மாறின; ஓட்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2005 முதல் 2011 வரையிலான வண்டிகளில், பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடியவற்றை, ஸ்டீயரிங் தண்டு துருப்பிடிப்பதைச் சரிசெய்வதற்காக ஃபோர்டு 2013-இல் திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா என்று வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்குமான தனி அடையாள எண்) கொடுத்து டீலரிடம் கேளுங்கள். அப்படியே அடியில் படுத்து சேஸிஸின் துருவையும் பார்த்துவிடுங்கள்.

வயரிங்கை விட்டுவிடுவதும் தவறுதான். சைரனையும் ரேடியோவையும் கழற்றும்போது வயர்களை வெட்டி அப்படியே விட்டிருப்பார்கள். இரவில் பேட்டரி இறங்குவது, விளக்கு திடீரென அணைவது போன்ற தொல்லைகளுக்கு முதலில் அங்கேதான் தேட வேண்டும். கூரையில் விளக்குக்குப் போட்ட துளைகள் சரியாக அடைபடாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும்.

குடும்பத்துக்கு வாங்குகிறீர்களா? பின்கதவை உள்ளிருந்து திறந்து பாருங்கள். கைதிகள் இறங்கிவிடாதபடி பலவற்றில் கைப்பிடியைச் செயலிழக்கச் செய்திருப்பார்கள். அதைச் சரிசெய்த பிறகே குழந்தைகளைப் பின்சீட்டில் ஏற்றுங்கள்.