இணையவழி ஜெர்மன் வகுப்பு: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர் வேலைக்கு ஜெர்மனி போக விரும்புவோர் தமிழ்நாட்டில் பெருகியதிலிருந்து ஜெர்மன் கற்றுத்தரும் இணைய வகுப்புகளும் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. ஒரு லேப்டாப்பும் ஜூம் கணக்கும் வாட்ஸ்அப் குழுவும் இருந்தால் வகுப்பு தொடங்கிவிடுகிறது. சிற்றூரில் இரவுப் பணி பார்க்கும் பெண்ணும் சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்காமல் படிக்க முடிகிறது என்பது பெரிய நன்மைதான். ஆனால், மாதக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்தபின், பேச்சுத் தேர்வில் எதிரே இருப்பவரின் எளிய கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் உழைப்பில் குறையில்லை. கருவிகளை நாம் கையாளும் முறையில்தான் பெரும்பாலும் கோளாறு.

பாடத்தை அனுப்பிவிட்டாலே கற்பித்துவிட்டதாக எண்ணுவதுதான் தாய்த்தவறு. காலையில் ஒரு பிடிஎஃப், மதியம் ஒரு யூடியூப் இணைப்பு, இரவில் ஒரு சொற்பட்டியல் என்று குழு நிரம்பி வழிகிறது. மாணவர் கட்டைவிரல் குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். எதை அனுப்பினாலும் அதை வைத்து மாணவர் செய்ய வேண்டிய வேலையும் கூடவே போக வேண்டும். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம், மெதுவாக வாசித்த செய்திகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. பி2 (மொழித்திறனின் ஆறு நிலைகளில் நான்காவது) மாணவருக்கு அந்த இணைப்பை மட்டும் தருவதில் பயன் குறைவு. "முதல் செய்தியை எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். எங்கே, என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தைகளில் குரல்பதிவு அனுப்புங்கள்" என்று சொன்னால் அது பாடமாகிறது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புவது அடுத்த தவறு. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் இது எளிதில் மாறுவதில்லை. நன்றி சொல்வதற்கான ஜெர்மன் சொல்லை 'டாங்கெ' என்று எழுதிக் காட்டுகிறார்கள். தமிழில் 'ங்' அருகே வரும் 'க' தானாகவே மெலிந்துவிடும். 'சங்கு' என்று சொல்லிப் பாருங்கள். ஜெர்மனில் அந்த இடத்தில் 'பக்கம்' என்பதில் வரும் வன்மையான ஒலி வேண்டும். முதல் வாரத்தில் படிந்த மெல்லொலி மூன்றாம் நிலையான பி1 வரை கூடவே வருகிறது. 'யூ' எழுத்தின் மேல் இரு புள்ளி வைத்த உயிரொலிக்கோ தமிழில் எழுத்தே இல்லை. 'ஊ' சொல்வதுபோல் உதட்டைக் குவித்து, அப்படியே அசைக்காமல் 'ஈ' சொல்ல வேண்டும். இதற்குத்தான் கேமரா இருக்கிறது. ஆசிரியர் தம் வாயருகே போனைப் பிடித்துச் சில விநாடி வீடியோ எடுத்து அனுப்பலாம். மாணவரும் செல்ஃபி கேமராவில் தம் உதட்டைப் பார்த்துக்கொண்டே பழகலாம்.

நேரடி வகுப்பில் செய்வதுபோல எல்லோருடைய மைக்கையும் திறந்து "சேர்ந்து சொல்லுங்கள்" என்பது ஜூமில் எடுபடாது. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வருகிறது. செயலியும் உரத்த குரலை முன்நிறுத்தி மற்றவற்றை அடக்குகிறது. இருபது பேர் சொன்னார்களா, இரண்டு பேர் சொன்னார்களா என்பதே தெரியாது. மைக்கை மூடிவைத்து எல்லோரும் உரக்கச் சொல்லட்டும். பிறகு மூவரை மட்டும் பெயர் சொல்லி அழையுங்கள். மீதி நேரத்தில் இருவர் இருவராகத் தனி அறைகளில் பேச விடுங்கள். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 பேச்சுத் தேர்வு வழக்கமாக இருவர் சேர்ந்து பேசும் தேர்வு. ஒரு நிகழ்வைச் சேர்ந்து திட்டமிடும் பகுதி அதில் உண்டு. ஆசிரியரோடு மட்டுமே பேசிப் பழகியவருக்கு அங்கே நா எழாது.

வகுப்புக்கு வெளியே எனக்கு மிகவும் பிடித்த கருவி வாட்ஸ்அப் குரல்பதிவு. மாணவர் ஒரு பதிவை அனுப்புமுன் பலமுறை பேசி, கேட்டு, அழித்துவிட்டு மறுபடியும் பேசுகிறார். அழிந்துபோகும் அந்தப் பதிவுகள் எல்லாம் பயிற்சிதான். இதைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது: வாசிக்கும் வாய் வேறு, பேசும் வாய் வேறு. கேள்வியைக் கொடுத்துப் பதில் கேளுங்கள். மற்றொன்று, பதிவிலுள்ள எல்லாப் பிழைகளையும் குழுவில் எல்லோர் முன்னும் வரிசையாகச் சுட்டுவது. அதற்குப் பிறகு பலரிடமிருந்து குரலே வராது. ஒரு பதிவுக்கு ஒரு பிழை, அதுவும் தனிச் செய்தியில் என்பது என் முறை.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் "தினம் பத்துச் சொற்கள்" போடுபவர்கள் நிறையப் பேர். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் என்ற மூன்றில் எது வரும் என்பதையும் பன்மை வடிவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் காட்டும் ரீல், மாணவருக்குப் பின்னால் இரட்டை வேலை வைக்கிறது. கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே வைத்துச் சோதித்து 1885இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால்தான் சொல் தங்கும். சமூக ஊடகம் புதியதையே முன்னே தள்ளும். நேற்றைய சொல்லைத் தேடிக் கொண்டுவந்து தராது. அங்கி (Anki) போன்ற நினைவட்டைச் செயலி, படித்த சொல்லை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டி, அதைச் செய்யும். ரீல் ஆர்வத்தைத் தூண்டட்டும். சொற்கள் செயலிக்குப் போகட்டும்.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாலே மாணவியரின் கைபேசி எண் பொதுவாக மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்துவிடும். நள்ளிரவில் வேண்டாத செய்தி வந்து, காரணம் சொல்லாமல் படிப்பை விடுபவர்கள் உண்டு. எண்ணை மறைக்க வழியுள்ள டெலிகிராம் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். ஒருவர் தடுமாறிப் பேசும் வகுப்புப் பதிவை அவர் சம்மதமின்றி விளம்பரமாக யூடியூபில் போடவே கூடாது.

கடைசியாக, எழுத்துப் பயிற்சி. இப்போது வீட்டுப்பாடமாகக் கடிதம் கேட்டால் பிழையே இல்லாத கடிதம் வருகிறது. எழுதியது செயற்கை நுண்ணறிவு. ஆசிரியர் பாராட்டுகிறார், மாணவர் நம்பிவிடுகிறார். பி1 எழுத்துத் தேர்விலோ 60 நிமிடத்தில் மூன்று பணிகளை உதவியின்றி முடித்து, 100க்கு 60 எடுக்க வேண்டும். ஆகவே கடிதத்தை ஜூமில் கேமரா முன்னால், தாளில், 20 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு படமெடுத்து அனுப்பட்டும். அதைத் திருத்தித் தந்த பிறகு, தம் பிழைகள் ஏன் பிழைகள் என்று செயற்கை நுண்ணறிவிடம் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம்.