பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: முதலில் வைஃபையைப் பாருங்கள்

விண்டோஸோடு லினக்ஸும் வேண்டும் என்று பழைய லேப்டாப்பை யார் கொண்டுவந்தாலும், ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கும் முன் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, ஓட்டிப் பார்த்துவிடுவேன். சவுண்ட், டச்பேட் எல்லாம் பெரும்பாலும் தானாக வந்துவிடும். தகராறு வைஃபையில்தான்.

கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினல் விண்டோவில் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என் ஆப்ஷனோடு (lspci -nn) கொடுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் பிராட்காம் பிசிஎம்4312 என்று இருந்து, சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள எண் 4315 என்று முடிகிறதா? அதற்கான பி43 டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. இல்லாதது ஃபர்ம்வேர், அதாவது வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள், மட்டும்தான். உரிமச் சிக்கலால் அதைக் கூடவே தருவதில்லை. இன்ஸ்டால் முடிந்ததும், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள். எந்த டிரைவரும் போடாமலே நெட் வந்துவிடும். பிறகு மென்பொருள்களை இன்ஸ்டால் செய்யும் சினாப்டிக்கில் பி43 (b43) என்று தேடி, ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மின்ட்டின் டிரைவர் மேனேஜர் காட்டும் எஸ்டிஏ (STA) என்ற பிராட்காமின் சொந்த டிரைவரும் ஓடும். ஆனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அது புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும். அதில் தடுக்கினால் வைஃபை போச்சு. அதனால் நான் பி43 பக்கம்தான். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், எஸ்டிஏ வந்தால் பி43-ஐ ஏறவே விடாது.

என்விடியா ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசை கிராபிக்ஸ் கார்டு இருந்தால், அதற்கான என்விடியாவின் 340 டிரைவரின் ஆதரவு 2019 முடிவோடு நின்றுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். கெர்னலோடு வரும் நூவோ டிரைவரே பிரவுசருக்கும் ஆபீஸ் வேலைக்கும் போதும்.