தசம நேர பாக்கெட் வாட்ச் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். வெள்ளை எனாமல் டயல், அதில் 1 முதல் 10 வரை எண்கள். "பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து வாட்ச் அண்ணா, அட்வான்ஸ் கொடுத்துட்டேன்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் பணத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடிக் கீறல், உடைந்த மூடி எல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும். தெரியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

டயலை நம்பிப் பணம் கொடுப்பது

1793 நவம்பரில் வந்த ஆணைப்படி பிரான்சில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை 10 மணி. இதுதான் தசம நேரம். மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி. நண்பகல் என்றால் 5 மணி. அந்த ஒரு மணி இன்றைய 144 நிமிடம். நம் பழைய கணக்கில் சரியாக 6 நாழிகை.

நான் வாங்கிய வாட்சிலும் டயல் அழகாக, 10 மணிக்கு உரியதாகவே இருந்தது. மூன்று மாதச் சம்பளம் கொடுத்தேன். வீட்டில் ஓடவிட்டால், நிமிட முள் உச்சிக்கு வரும்போது மணி முள் பெரும்பாலும் எண்ணில் சரியாக வந்து நிற்கவில்லை. டயலைக் கழற்றிப் பார்த்தேன். டயலின் செப்புக் கால்களுக்காகத் தகட்டில் புதிதாகத் துளை போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே பழைய துளைகள் காலியாக இருந்தன. உள்ளே ஓடியது சாதாரண 12 மணி இயந்திரம். பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். இருநூறு வருடம் கூடவே இருந்த சொந்த டயலைக் கழற்றி எங்கோ வீசியிருக்கிறார்களே, அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. அந்த வாட்சை இனி யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க வாட்ச் ஓட வேண்டியதுகூட இல்லை. நிமிட முள்ளைச் சாவியால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். 10 மணி இயந்திரத்தில் நிமிட முள் ஒரு சுற்று வந்தால், மணி முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் சரியாகப் போகும். பத்துச் சுற்றில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். தம்பியைக் கடைக்குப் போய் அப்படிச் செய்யச் சொன்னேன். உச்சியில் 10-இல் இருந்து தொடங்கினார். பத்தாவது சுற்றில் மணி முள் 8-ஐத் தாண்டி நின்றுவிட்டது. அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது.

இந்தச் சோதனையில் தேறினாலும் போதாது. டயலுக்கு அடியில் இருக்கும் சக்கரங்களை மட்டும் மாற்றியிருக்கலாம். விவரம் தெரிந்தவர் சுத்தம் செய்து ஓடவிட்ட பிறகு, நிமிட முள் ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 2 மணி 24 நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். பழைய வாட்ச் கொஞ்சம் முன்பின் ஓடும், சரி. ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிட்டால் அது வேறு கதை.

நிமிட முள்ளுக்கு ஒரே வேகம்தான். அதனால், ஒரே நிமிட முள் 60 கோட்டு வளையத்துக்கும் 100 கோட்டு வளையத்துக்கும் பொதுவாக இருந்தால், இரண்டில் ஒன்றுதான் உண்மையான நிமிடத்தைக் காட்டும்.

நாட்காட்டியையும் நேரத்தையும் குழப்புவது

மாதத்துக்கு 30 நாள், வாரத்துக்குப் பதில் பத்து நாள் என்று புரட்சிக் கால பிரான்சில் வந்த குடியரசு நாட்காட்டி 1805 முடியும்வரை நடைமுறையில் இருந்தது. தசம நேரம் கட்டாயமாக இருந்தது 1794 செப்டம்பர் 22 முதல் 1795 ஏப்ரல் 7 வரைதான். ஏழு மாதம்கூட இல்லை. தேதி வளையம் 30-இல் முடிந்து, மணி 12 வரை இருந்தால் அது நல்ல பழைய வாட்ச்தான். ஆனால் தசம நேர வாட்சுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

100 கோடு போட்ட ஸ்டாப்வாட்ச்

தொழிற்சாலையில் வேலை நேரம் அளக்க நிமிடத்தை நூறாகப் பிரித்தது. புரட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கைக்கு வந்ததும் சாவி கொடுப்பது

வேண்டாம். எண்ணெய் காய்ந்திருக்கும். உள்ளே மெல்லிய சங்கிலி இருந்து அது அறுந்தால், கோர்த்துத் தருகிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

விவரம் சொல்லாமல் ரிப்பேருக்குக் கொடுப்பது

உண்மையான தசம வாட்ச், பழக்கமில்லாத கண்ணுக்கு மிக மெதுவாக ஓடுவதுபோல் தெரியும். அதைச் 'சரிசெய்ய' சக்கரத்தை மாற்றிவிடுவார்கள். 144 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஒரு சீட்டில் எழுதி, வாட்சோடு கட்டிக் கொடுங்கள்.