மே மாதம் மாஞ்சோலைக்குக் காரில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளிக்கு லீவு விட்டதும் நெல்லையில் பாதிப் பேருக்கு மலை ஞாபகம் வந்துவிடும். கொடைக்கானலுக்குக் கிளம்புகிற அதே கணக்கில் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்கும் காரையாறு அணைப் பக்கமும் கிளம்புகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-இல் உருவான புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடங்கள் இவை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் இதுதான். எத்தனை மணிக்கு ஏறலாம், எப்போது இறங்க வேண்டும் என்பதையெல்லாம் வனத்துறைச் சோதனைச்சாவடிதான் முடிவு செய்யும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற திட்டம்.

அனுமதியைக் கேட்காமல் கிளம்புவது

பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு விடிகாலையில் மணிமுத்தாறு சாவடிக்கு வந்து நிற்கிறவர்கள் நிறைய. காட்டுத்தீ, கனமழை, புலிக் கணக்கெடுப்பு என்று ஏதாவது ஒரு காரணத்தால் பாதை திடீரென்று மூடப்படும். வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு, எந்த வகை வண்டிக்கு அனுமதி என்ற விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாளே அம்பாசமுத்திரத்தில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், வண்டியில் வருகிற எல்லோருடைய ஆதார் நகல் எல்லாம் காகிதமாகவே கையில் இருக்கட்டும். மேலே சிக்னலை நம்ப முடியாது.

இன்னொரு தவறு, மாஞ்சோலையையும் காரையாறையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் சுற்றுலா வண்டி மலைக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி கிடையாது. மாஞ்சோலைக்கு மணிமுத்தாறு வழி, காரையாறுக்குப் பாபநாசம் வழி, இரண்டுக்கும் தனித்தனிச் சாவடி. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும், குறுகலும் குண்டும் குழியுமான அந்த ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். அதற்கு மேல் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி வரை போக அனுமதி கிடைத்தால் அதற்கே நாள் முழுக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு மலைதான்.

ஊட்டிக் குளிரையும் குற்றால அருவியையும் எதிர்பார்ப்பது

மாஞ்சோலை ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். அம்பையில் (அம்பாசமுத்திரத்தில்) 38 என்றால் மேலே மதியத்தில் 31, 32 இருக்கும். காற்று சுகமாக இருக்கும், ஸ்வெட்டருக்கு வேலை இருக்காது. குற்றாலச் சாரல் ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடுதான் வரும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே போய்ப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கோடையிலும் தண்ணீர் விழுகிற இடம் பாபநாசம் அகஸ்தியர் அருவி.

கோடையில் தண்ணீர் குறைவு, அதனால் பயமில்லை என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. மேலே மலையில் மதியத்துக்கு மேல் இடி மழை பெய்யும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். தண்ணீர் கலங்கி வருகிறதா, சருகும் குச்சியும் சேர்ந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா என்று ஒருவராவது கரையில் நின்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் செருப்பு, துண்டு எதையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேடேறுங்கள்.

வண்டி ஓட்டுவதில்

ஏறும்போது மூன்றாவது கியரிலேயே இழுத்து, வளைவில் வண்டி திணறிய பிறகு கியர் மாற்றுவதும், கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைப்பதும் சமவெளி ஓட்டுநர்களின் பழக்கம். கிளட்ச் கருகி நாறுவது இதனால்தான். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கோ முதலாவதுக்கோ வந்துவிடுங்கள். சரிவில் நிற்கக் கைப்பிரேக்கைப் பயன்படுத்துங்கள். வெப்பமுள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அதற்கும் இறங்காவிட்டால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

இறக்கம்தான் பெரிய சோதனை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு, அது இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யில் விடாமல் எல்-லிலோ மேனுவலிலோ போடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேடு சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, ஆவிக்குமிழ் உண்டாகும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. பிரேக்கை அழுத்துங்கள், காலை எடுங்கள், மறுபடி அழுத்துங்கள். கருகல் வாடை வந்தால் சமமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து இருபது, முப்பது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துபோகும்.

எதிரே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். சாலை விதியே அப்படித்தான் சொல்கிறது. முக்கியமாக, அரசுப் பேருந்தின் சத்தம் கேட்டால் அடுத்த அகலமான இடத்திலேயே நின்றுவிடுங்கள். டயர் காற்றைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குப் பிடியுங்கள். தரை இடைவெளி குறைந்த காரில் ஐந்து பேரோடு டிக்கியையும் நிரப்பினால் அடிப்பாகம் உரசும். எரிபொருளைக் கல்லிடைக்குறிச்சியிலோ அம்பையிலோ நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே பங்க் கிடையாது.

சாப்பாடும் குப்பையும்

எஸ்டேட் வேலை 2024-இல் நின்றபின் மலையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. டீக்கடை இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சாதமும் இந்த வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். நல்லெண்ணெய் தாராளமாகத் தடவிய பொடி இட்லி, புளியோதரை இரண்டும் தாங்கும். தயிர்ச்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்துக் கிளறினால் மதியத்துக்குப் பக்குவமாக இருக்கும். தூக்குச்சட்டியும் எவர்சில்வர் பாட்டிலும் போதும். பிளாஸ்டிக்கைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். குமட்டல் வருகிற பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், செல்போனையும் கொடுக்காதீர்கள்.

குரங்குக்கு முறுக்கு போடுவது தர்மம் என்று நினைக்கிறார்கள். அது தீனிக்காக ரோட்டுக்கு வரப் பழகி அடுத்த வண்டியில் அடிபடும். பாபநாசத்தில் ஆற்றில் பழைய துணியை விடுகிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அது தாமிரபரணிக்குள் வேரிலும் பாறையிலும் சுற்றிக்கொண்டு கிடக்கிறது.

யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள், படமெடுக்க இறங்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

அனுமதி இல்லை என்று சாவடியில் சொல்லிவிட்டால் வனக்காவலரோடு மல்லுக்கு நிற்காமல், பாபநாசம் பக்கம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வீரவநல்லூர் வரை திரும்பி, திருப்புடைமருதூர் போய்விடலாம். அங்கே கோயில் கோபுரத்தின் உள்ளே அடுக்கடுக்காக ஓவியங்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே ஆறு.